லியோன்: தறிச் சத்தம் ஓய்ந்த பட்டு நகரம்

ஐரோப்பா போய் வந்தேன் என்று சொன்னால் போதும்; நம் பெண்கள் உடனே கேட்கிற முதல் கேள்வி, "ஈஃபில் டவர் பார்த்தீங்களா?" என்பதுதான். நான் பார்க்கவில்லை சகோதரிகளே! பாரிஸ் பக்கமே போகவில்லை. ஆனால் அதே பிரான்ஸ் தேசத்தில், காஞ்சிபுரத்துக்காரி ஒருத்தி அவசியம் பார்க்க வேண்டிய ஊர் ஒன்று இருக்கிறது. அங்கே கிட்டத்தட்ட மூன்று மாதம் தங்கி, நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த ஊரின் பெயர் லியோன்.

நமக்குப் பட்டு என்றால் காஞ்சிபுரம். ஐரோப்பாக்காரர்களுக்குப் பட்டு என்றால் லியோன். 1536-ல் பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சுவா அனுமதிப் பத்திரம் கொடுத்து அந்த ஊரில் பட்டு நெசவை நிலைநிறுத்தினார். அதற்குப் பிறகு முன்னூறு, முன்னூற்றைம்பது வருஷம் ஐரோப்பாவில் எந்த அரண்மனைத் திரைச்சீலையை எடுத்துக்கொண்டாலும், எந்த அரசியின் கவுனை எடுத்துக்கொண்டாலும் லியோன் பட்டுக்குத்தான் மவுசு. அந்த ஊருக்கு நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்கிறீர்களா?

என் தங்கை கல்யாணமாகி அங்கேதான் இருக்கிறாள். அவள் கணவருக்கு ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. 2023 நவம்பரில் அவளுக்குப் பிரசவம். அம்மாவுக்கு மூட்டுவலி, விமானப் பயணம் தாங்காது. "அக்கா, நீ வந்தாத்தான் ஆச்சு" என்று ஒரே பிடிவாதம். டிக்கெட்டும் அவளே எடுத்து அனுப்பிவிட்டாள். எங்க வீட்டுக்காரர் பட்டுத் தறி நெய்பவர். முகூர்த்த சீசன், கல்யாணச் சேலைகள் கைவசம். "நீ போயிட்டு வா, தறியை விட்டு நான் இறங்க முடியாது" என்று சொல்லிவிட்டார். பத்தாவது வரை படித்தவள் நான். சுக்கு, திப்பிலி, பூண்டு, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி என்று பிரசவ மருந்துச் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு, துபாயில் விமானம் மாறி லியோனில் போய் இறங்கினேன்.

இரண்டு மலை, இரண்டு ஆறு

லியோனை மனசில் நிறுத்திக்கொள்வது சுலபம். ரோன், சோன் என்று இரண்டு ஆறுகள் ஊருக்குள்ளே ஓடி, ஊர் முடிகிற இடத்தில் கலக்கின்றன. ஆற்றோரம் இரண்டு குன்றுகள். ஒன்றின் பெயர் ஃபூர்வியேர், மற்றது குருவா ரூஸ். முதலாவதில் பெரிய மாதா கோயில் இருப்பதால் அதை 'பிரார்த்தனை செய்யும் மலை' என்கிறார்கள். இரண்டாவதில் நெசவாளர்கள் குடியிருந்ததால் அது 'வேலை செய்யும் மலை'. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம காஞ்சியில் சாமியும் தறியும் ஒரே தெருவில் அல்லவா இருக்கின்றன! ஒரு கையில் அர்ச்சனைத் தட்டு, மறு கையில் தார்க்குச்சி என்று ஓடுகிறவர்கள் தானே நாம்!

முதலில் பிரார்த்தனை மலைக்கே போனோம். மேலே ஏறக் கயிற்றால் இழுக்கப்படும் ரயில் உண்டு. ஊர்க்காரர்கள் அதைச் செல்லமாக 'நூல்' என்று அர்த்தம் வரும் சொல்லால் கூப்பிடுகிறார்கள். நெசவு ஊர் என்பது இதிலேயே தெரிகிறது, பாருங்கள்! உச்சியில் வெள்ளை வெளேர் என்று மாதா கோயில். 1870-ல் ஜெர்மானியப் படை நெருங்கி வந்தபோது, "ஊருக்கு ஆபத்து வராவிட்டால் கோயில் கட்டுகிறோம்" என்று வேண்டிக்கொண்டார்களாம். ஆபத்து நீங்கியது, 1872-ல் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வேண்டுதலும் நேர்த்திக்கடனும் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. மொசைக் கல் பதித்த சுவர்கள் கண்ணைப் பறிக்கின்றன. வெளியே வந்து நின்றால் ஊர் முழுக்கக் காலடியில். வானம் தெளிவாக இருக்கும் நாளில் தூரத்தில் ஆல்ப்ஸ் மலையின் மான்ட் பிளாங்க் சிகரம் கூடத் தெரியும்.

கோயிலுக்குக் கொஞ்சம் கீழே ரோமானியர் காலத்துக் கல் அரங்கம். லியோன் கி.மு. 43-ல் ரோமானியர்கள் உண்டாக்கிய ஊர். அவர்கள் கட்டிய இந்த அரை வட்ட அரங்கத்தில் சுமார் 10,000 பேர் உட்காரலாமாம். கல் படிக்கட்டில் உட்கார்ந்து ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் குடித்தோம். நம்ம கைலாசநாதர் கோயில் மணற்கல்லைத் தொட்டால் வருகிற அதே சிலிர்ப்பு. அதுவே ஆயிரத்து முன்னூறு வருஷம்; இது அதற்கும் எழுநூறு வருஷம் மூத்தது. இந்த அரங்கத்தில் இன்றைக்கும் கோடைக்காலத்தில் நாடகமும் கச்சேரியும் நடக்கின்றன.

வீட்டுக்குள் புகுந்து தெருவுக்கு வரலாம்

மலையடிவாரத்தில் 'பழைய லியோன்'. நானூறு, ஐந்நூறு வருஷத்து வீடுகள் ரோஜா, காவி, சந்தன நிறங்களில் வரிசையாக நிற்கின்றன. 1998-ல் யுனெஸ்கோ இந்தப் பகுதியையும் சேர்த்து லியோனின் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இங்கே ஒரு வேடிக்கை. ஒரு தெருவில் சாதாரண வாசற்கதவு. தள்ளினால் உள்ளே இருட்டான நடை. அப்புறம் ஒரு முற்றம், வளைந்து வளைந்து ஏறும் கல் படிக்கட்டு, இன்னொரு நடை. மறுபடி ஒரு கதவைத் திறந்தால் அடுத்த தெரு! இதற்குத் 'திராபூல்' என்று பெயர். நெய்த பட்டு மழையில் நனையாமல் தூக்கிக்கொண்டு போக இந்த வழிகள் நெசவாளர்களுக்கு மிகவும் உதவின. இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியப் படையை எதிர்த்து ரகசியமாகப் போராடியவர்கள் கண்ணில் மண்ணைத் தூவித் தப்பியதும் இவற்றின் வழியாகத்தான். நூற்றுக்கணக்கில் இருந்தாலும் சில பத்து வழிகள்தான் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. உள்ளே மக்கள் குடியிருப்பதால் சத்தம் போடாமல் நடக்க வேண்டும். தங்கை கணவர் இரண்டு தடவை உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்!

வேலை செய்யும் மலை

ஆனால் என் மனசு முழுக்க இருந்தது அந்த இன்னொரு மலைதான். பல்சக்கரம் வைத்த மெட்ரோ ரயில் நம்மைக் குருவா ரூஸ் மேலே கொண்டு விடுகிறது. வீடுகளை அண்ணாந்து பார்த்தேன். ஒவ்வொரு மாடியும் நம் வீட்டுக் கூரையைப் போல ஒன்றரை மடங்கு உயரம். ஜன்னல்களும் ஆளுயரத்துக்கு மேல். "எதுக்குடி இவ்வளவு உயரம்?" என்று தங்கையிடம் கேட்டேன். "தறி நிக்கணுமே அக்கா!" என்றாள். ஜக்கார்டு பெட்டி வைத்த தறி உயரமாக இருப்பதால், கூரையை நாலு மீட்டர் உயரத்துக்குக் கட்டினார்களாம். நல்ல வெளிச்சம் வேண்டும், அதற்காகப் பெரிய ஜன்னல். அப்படியானால் மனுஷர்கள்? ஓரமாக ஒரு மரப்பரண். அதில் குடும்பமே ஏறிப் படுத்துக்கொள்ளும். தறிக்கு மாளிகை, நெசவாளிக்குப் பரண்! நம்ம ஊரில் தறிக்குக் குழி வெட்டி, மிச்ச இடத்தில் சமையலும் படுக்கையும் நடத்துகிறோமே, அதேதான்.

அங்கே நெசவாளர்களைக் 'கனூ' என்று சொல்வார்கள். அவர்கள் பெயரால் ஒரு காட்சியகம் இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். ஒரு பெண்மணி பழைய மரத்தறியில் உட்கார்ந்து நெய்து காட்டினார். பாவு, விழுது, மிதிக்கட்டை, தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து சங்கிலி மாதிரி தொங்கும் ஓட்டை போட்ட அட்டைகள். எல்லாம் நம்ம வீட்டு முன்ஹாலில் இருக்கிற சமாசாரம்! மிதித்ததும் எழுந்த சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டதும் என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்தச் சத்தத்துக்கு லியோன்காரர்கள் 'பிஸ்தான்கிளாக்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். தறிக்கும் அதுதான் செல்லப் பெயர்.

"உங்களில் யாராவது இதற்கு முன் தறி பார்த்திருக்கிறீர்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார். இருபது பேர் கூட்டம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. தங்கைதான் பிரெஞ்சில், "எங்க அக்கா வீட்டில் இருக்கிறது" என்றாள். "வீட்டிலேயா?" என்று கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பிவிட்டது. அப்புறம் பத்து நிமிஷம் கேள்வி என்னைப் பார்த்துத்தான்! ஒரு சேலை நெய்ய எத்தனை நாள், ஜரிகை எங்கிருந்து வருகிறது, பெண்கள் என்ன வேலை செய்வார்கள்... ஜரிகை சூரத்திலிருந்து, பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து என்றேன். தார் சுற்றுவதும், பாவு பிணைப்பதும் எங்கள் கை வேலை என்றேன். கடைசியாக, "உங்கள் தெருவில் எத்தனை தறி?" என்று கேட்டார். "நான் கல்யாணமாகி வந்தபோது வீட்டுக்கு வீடு இருந்தது, இப்போது பதினொன்று" என்றேன். தங்கை அதை மொழிபெயர்த்ததும் அந்த அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த மலையிலும் அப்படித்தான் ஆரம்பித்தது" என்றார்.

அன்று ராத்திரி வீட்டுக்காரருக்கு வீடியோ அனுப்பினேன். ஊர் எப்படி, சாப்பாடு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே! "நாடாவைக் கயிறு இழுத்துல்ல போடறாங்க? அப்ப கோர்வை எப்படிப் போடுவாங்க?" என்றார். "அவங்களுக்குக் கோர்வை கிடையாதுங்க" என்றேன். "அப்படிச் சொல்லு!" என்று அவர் சிரித்த சந்தோஷத்தை நான் போனிலேயே பார்த்தேன்.

அட்டையிலிருந்து கம்ப்யூட்டர் வரை

ஜக்கார்டு, ஜக்கார்டு என்று நாம் தினமும் சொல்கிறோமே, அது ஒரு மனிதரின் பெயர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஜோசஃப் மாரி ஜக்கார்டு, 1752-ல் இதே லியோனில் பட்டு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். குருவா ரூஸ் மைதானத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அவருக்கு முன்னால், பூ வேலை நெய்ய வேண்டுமானால் தறிக்காரர் ஒருவர், நூலை இழுத்துக் கொடுக்க இன்னொருவர், பெரும்பாலும் சிறு பிள்ளை, வேண்டும். நம்ம காஞ்சியிலும் ஜக்கார்டு வருவதற்கு முன் 'அடை' கட்டித்தான் நெய்தோம் என்று என் மாமனார் சொல்வார். அட்டையில் ஓட்டை இருந்தால் அந்த நூல் எழும்பும், ஓட்டை இல்லாவிட்டால் எழும்பாது. இந்த ஏற்பாட்டை, முன்னோர் சிலர் செய்து பார்த்த முறைகளைச் சேர்த்துச் சீராக்கி, 1804-ல் ஜக்கார்டு முழுமையாக்கினார்.

இந்த 'உண்டு, இல்லை' கணக்குதான் பிற்பாடு கம்ப்யூட்டருக்கு வழிகாட்டியது. 1839-ல் லியோனில் ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. கணக்குப் போடும் இயந்திரத்தைக் கற்பனை செய்த இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் அந்தப் படம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாராம். என் பையன் பிளஸ் டூ. தறி என்றாலே முகம் சுளிப்பவன், கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்பவன். "டேய், உன் கம்ப்யூட்டரோட கொள்ளுத் தாத்தா நம்ம வீட்டுத் தறி மேலதான் உட்கார்ந்திருக்கார்" என்று போனில் சொன்னேன். "நிஜமாவாம்மா?" என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவன் தறியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டான்.

கூலிக்காக இறங்கிய மலை

இவ்வளவு புகழ் பெற்ற ஊரில் தறி ஏன் ஓய்ந்தது? காட்சியகத்தில் அதையும் சொன்னார்கள். பட்டு நூலும் டிசைனும் முதலாளியுடையது. தறி மட்டும்தான் நெசவாளியுடையது. நெய்த அளவுக்குக் கூலி. நமக்குப் புதிதா என்ன? 1831-ல் லியோனில் ஏறக்குறைய 8,000 தறிக்காரர்களும் அவர்களிடம் வேலை செய்தவர்கள் 30,000 பேரும் இருந்தார்கள். கூலி படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தது. குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்க ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. முதலாளிகள் பலர் அதை மதிக்கவில்லை. நவம்பர் மாதம் நெசவாளர்கள் மலையிலிருந்து இறங்கினார்கள். சில நாட்கள் ஊரே அவர்கள் கையில் இருந்தது. பிறகு ராணுவம் வந்தது, கூலி ஒப்பந்தமும் ரத்தாயிற்று. 1834-ல் மறுபடி ஒரு கிளர்ச்சி. இரண்டிலும் நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள்.

அந்தச் சோகத்துக்குப் பின் 1835-ல் குருவா ரூஸ் சரிவில் மக்களே சேர்ந்து கூட்டுறவுக் கடை ஒன்றைத் திறந்தார்கள். பிரான்சின் கூட்டுறவு இயக்கத்துக்கு அது ஒரு பிள்ளையார் சுழி. நம்ம காஞ்சியின் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களை நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் 1850-களில் பட்டுப்புழுக்களுக்கு ஒரு நோய் வந்து பிரான்சின் பட்டு வளர்ப்பே ஆட்டம் கண்டது. நாய்க்கடி ஊசி கண்டுபிடித்த லூயி பாஸ்டர்தான் 1865-லிருந்து அதை ஆராய்ந்து, தாய் அந்துப்பூச்சியை மைக்ராஸ்கோப்பில் சோதித்து நல்ல முட்டையைப் பிரிக்கும் முறையைப் பரப்பினார். நம் நாட்டுப் பட்டுப்புழு முட்டை நிலையங்களில் இன்றைக்கும் தாய் அந்துப்பூச்சியைச் சோதிக்கிறார்கள். முட்டை பிழைத்தது, ஆனால் கைத்தறி பிழைக்கவில்லை. விசைத்தறிகள் மலையை விட்டுக் கிராமங்களுக்குப் போயின. அங்கே கிராமத்து ஏழைப் பெண் பிள்ளைகளைக் கன்னிகாஸ்திரிகளின் கண்காணிப்பில் தங்க வைத்து வேலை வாங்கிய ஆலைகள் கூட இருந்தனவாம். செயற்கைப் பட்டும் வந்து சேர்ந்தது. இன்று லியோனில் கைத்தறி என்றால், பழைய அரண்மனைகளைப் புதுப்பிக்க அந்தக் காலத்துத் துணியை அப்படியே நெய்து தரும் விரல்விட்டு எண்ணக்கூடிய தறிகள்தான். சில வெல்வெட்டுகளை ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர்தான் நெய்ய முடியும். பழைய நெசவாளர் குடியிருப்பைக் காட்டும் 1,200 சதுர மீட்டர் சுவர் ஓவியம் ஒன்று 1987-ல் வரையப்பட்டு, அந்த மலையில் இருக்கிறது. படி, ஜன்னல், மனிதர் எல்லாம் நிஜம் போலவே! பிரமாதம்தான். ஆனாலும் பக்கத்தில் போய்த் தொட்டால் சுவர்தானே!

வயிற்றுக்கும் கண்ணுக்கும்

லியோன் சாப்பாட்டுக்கும் பேர் போன ஊர். அந்தப் பேரை வாங்கித் தந்தவர்கள் பெண்கள் என்பதை நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். பணக்கார வீடுகளில் சமையல்காரிகளாக இருந்தவர்கள் தனியாகச் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். 'லியோனின் அம்மாக்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். அவர்களில் யூஜெனி பிராசியே என்பவர் சிறு வயதில் தாயை இழந்து, பண்ணையில் வேலை செய்து, பத்தொன்பது வயதில் கைக்குழந்தையோடு வேலை தேடி ஊருக்கு வந்தவர். 1933-ல் தம் இரண்டு உணவகங்களுக்கும் மூன்று மூன்றாக ஆறு மிஷலின் நட்சத்திரங்கள் வாங்கினார். அதற்கு முன் யாரும் ஆறு வாங்கியதில்லை.

சைவமாக நமக்குப் பிடித்த ஒரு பண்டம், 'நெசவாளி மூளை'! பெயரைக் கேட்டு ஓடாதீர்கள். ஆட்டு மூளை வாங்க வசதியில்லாதவர்கள் செய்துகொண்டது என்றும், முதலாளிகள் கேலியாக வைத்த பெயர் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். விஷயம் என்னவோ நம்ம தயிர்ப் பச்சடிக்கு அண்ணன்தான். கெட்டித் தயிரை வெள்ளைத் துணியில் கட்டி நாலு மணி நேரம் தொங்கவிடுங்கள். அதில் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், ஒரு பல் பூண்டு, வெங்காயத்தாள், கொத்துமல்லி, மிளகுத்தூள், உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய், சில சொட்டு வினிகர் சேர்த்து அடித்து, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். அவர்கள் ரொட்டியோடும், வேக வைத்த உருளைக்கிழங்கோடும் சாப்பிடுகிறார்கள். சப்பாத்திக்கு ஜோராக இருக்கிறது.

சினிமாப் பிரியர்கள் லூமியேர் சகோதரர்களின் வீட்டை விடக்கூடாது. 1895-ல் அவர்கள் தங்கள் தொழிற்சாலை வாசலில் எடுத்த ஒரு நிமிஷத்துக்கும் குறைவான படம், உலகின் முதல் படங்களில் ஒன்று. வேலை முடிந்து வெளியே வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள்! கதாநாயகி என்று யாரும் இல்லை, வீட்டுக்கு விரைகிற தொழிலாளிப் பெண்கள்தான். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

பன்னிரண்டு நாள் முந்திய தீபம்

நவம்பர் 26, திருக்கார்த்திகை. ஊரில் இல்லையே என்று மனசு கேட்கவில்லை. கொண்டு போயிருந்த அகல் விளக்குகளை ஏற்றி ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தேன். சற்று நேரத்தில் பக்கத்து ஃபிளாட் பாட்டி கதவைத் தட்டினார். நெருப்புக்குக் கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று பயந்தோம். அவரோ, "என்ன அவசரம்? டிசம்பர் எட்டுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கே!" என்றார். அப்போதுதான் தங்கை விளக்கினாள். 1852 டிசம்பர் 8-ல் ஃபூர்வியேர் மலையில் மாதா சிலையைத் திறக்கும் விழா. பகலெல்லாம் புயல். விழா நடக்காது என்று நினைத்தபோது வானம் வெளுத்தது. ஊரே ஜன்னல்களில் விளக்கேற்றி வைத்தது. அன்று முதல் வருஷா வருஷம் அந்த நாளில் ஜன்னலில் தீபம்.

இப்போது அது நாலு நாள் ஒளித் திருவிழா. கட்டடங்கள் மேல் மின்னொளியால் படமும் பூவும் ஓடுகின்றன, வெளிநாட்டிலிருந்தெல்லாம் கூட்டம். எனக்கென்னவோ கண்ணாடிக் குவளைக்குள் வைத்த சின்ன மெழுகுவர்த்திகள்தான் பிடித்தன. டிசம்பர் 8-ஆம் தேதி பாட்டி தம் ஜன்னலில் குவளைகளை வைத்துவிட்டு, "உன் மண் விளக்கையும் கொண்டு வா" என்றார். கடுங்குளிரில் கம்பளி சுற்றிய குழந்தையோடு நாங்கள் எல்லாரும் ஜன்னலருகே நின்றோம். பாட்டியின் பாட்டி பட்டுத் தறிக்குத் தார் சுற்றியவராம். நான் தார் சுற்றுகிறவள் என்று தங்கை சொன்னதும், என் விரல்களைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

பிரான்ஸ் போக ஷெங்கன் விசா வேண்டும். சுற்றுலாவாக 90 நாள் வரை தங்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் அவசியம். உறவினர் வீட்டில் தங்குவதானால், அவர்கள் தங்கள் நகராட்சியில் வரவேற்புச் சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டும். லியோனில் படிகளும் மேடு பள்ளங்களும் அதிகம். செருப்பு உதவாது, நல்ல ஷூ தேவை. மூட்டுவலிக்காரர்கள் மலை ரயிலில் ஏறி, இறங்கும்போதும் ரயிலிலேயே இறங்குங்கள். இறக்கத்தில்தான் முழங்காலுக்குக் கஷ்டம். குளிர்காலத்தில் உதடு, குதிகால் வெடிக்கும். தேங்காயெண்ணெய் கல்லாக உறைந்துவிடும், நல்லெண்ணெய் கொண்டு போங்கள். குளிரில் தாகம் எடுக்காது என்று தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள். சைவக்காரர்கள் குருவா ரூஸ் காலைச் சந்தைக்குப் போனால் காய்கறியும் பழமும் அள்ளிக்கொண்டு வரலாம். திங்கட்கிழமை மட்டும் கிடையாது.

நம் கையில் இருப்பது

லியோன்காரர்கள் பழசைக் காப்பாற்றுவதில் கெட்டிக்காரர்கள். பழைய தறிக்கு எண்ணெய் போட்டு, நூல் கட்டி, டிக்கெட் வைத்துக் காட்டுகிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அவர்கள் காசு கொடுத்துப் பார்ப்பது நமக்கு இன்னும் வாசலிலேயே கேட்கிறது. அது எத்தனை நாள் கேட்கும் என்பது சேலை நெய்கிற வீட்டை மட்டும் பொறுத்ததல்ல, சேலை வாங்குகிற வீட்டையும் பொறுத்தது. எங்க வீட்டுக்காரர் எட்டாவதோடு பள்ளியை விட்டவர். கோர்வைச் சேலைக்கு மறுபக்கம் உட்கார்ந்து நாடா போட ஒரு பிள்ளை தேவைப்பட்டது. எங்கள் பையன் அப்படி உட்கார வேண்டாம் என்பதில் நாங்கள் இருவரும் உறுதி. ஆனால் படித்த பிறகு அவனாக விரும்பித் தறிக்கு வந்தால், குடும்பம் நடத்துகிற அளவு கூலி அதில் இருக்க வேண்டும்.

அதனால் சகோதரிகளே, கல்யாணத்துக்குப் பட்டெடுக்கப் போகும்போது, காஞ்சிப் பட்டு என்று சொன்னதை அப்படியே நம்பி விசைத்தறிச் சேலையை வாங்கிவிடாதீர்கள். சில்க் மார்க் சுத்தமான பட்டா என்பதைச் சொல்லும். கைத்தறியா என்பதற்குக் கைத்தறி முத்திரை தனியாக உண்டு. இரண்டையும் கேளுங்கள். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-லேயே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கோர்வைச் சேலையானால் உடலும் கரையும் சேரும் இடத்தைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். இரண்டு நிற நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டிருப்பது விரலுக்குத் தட்டுப்படும். ஒரு சேலைக்குப் பத்து, பதினைந்து நாள், வேலைப்பாடு கூடினால் ஒரு மாதம் கூட ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது என்பதை விலை பேசும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிக்குக் கோயில் பார்க்க வருகிறவர்கள் காமாட்சியையும், ஏகாம்பரநாதரையும், வரதரையும் தரிசித்துவிட்டு, கடையில் சேலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறீர்கள். அடுத்த தடவை ஒரு அரை மணி நேரம் ஒதுக்கிப் பிள்ளையார்பாளையம் பக்கம் தெருவில் நடந்து பாருங்கள். காலை வேளையானால் தறிச் சத்தம் கேட்கும். வாசலில் நின்று "உள்ளே வரலாமா?" என்று கேளுங்கள். தண்ணீர் கொடுத்து, பாயும் போட்டு, தறியையும் காட்டுவார்கள். டிக்கெட் கிடையாது.